சுமைதாங்கிக்கு யார் பொறுப்பு? வழியோரப் பழஞ்சின்னங்களை ஊரே காப்பது பற்றி ஓர் எளிய விளக்கம்

நெல்லைச் சீமையில் நாங்குநேரிப் பக்கமோ சாத்தான்குளம் பக்கமோ பழைய பாதை ஒன்றில் போனால், மூன்று கல்லை வைத்துக் கட்டிய ஒரு சங்கதி கண்ணில் படலாம். இரண்டு கல் நட்டமாக நிற்கும். மூன்றாவது அவற்றின் மேல் கிடையாகக் கிடக்கும். கூரையும் கிடையாது, உள்ளே சாமியும் கிடையாது. வெளியூர்க்காரருக்கு இதை எதற்காக நட்டார்கள் என்றே பிடிபடாது. இதுதான் சுமைதாங்கி.

லாரியும் பஸ்ஸும் வருவதற்கு முன்னால் சரக்கில் பாதி தலையில்தான் போனது. உடன்குடிப் பக்கத்துக் கருப்பட்டிச் சிப்பம், உவரிக் கடற்கரையிலிருந்து உள்நாட்டு ஊர்களுக்கு வரும் கருவாட்டுக் கூடை, சந்தைக்குப் போகும் தானிய மூட்டை என்று எல்லாமே தலைச்சுமை. தலைச்சுமையில் ஒரு தொல்லை உண்டு. தூக்கிவிட இன்னொரு ஆள் வேண்டும். தனியாக நடக்கிறவர் பனங்காட்டு நடுவே சுமையைத் தரையில் இறக்கிவிட்டால், திரும்ப ஏற்றிவிட ஆள் வரும்வரை காத்துக் கிடக்க வேண்டியதுதான். சுமைதாங்கியின் கிடைக்கல் ஏறக்குறைய ஆளுயரத்தில் இருப்பதற்கு இதுவே காரணம். பக்கத்தில் போய் நின்று, தலையிலிருந்து சுமையை அப்படியே கல்லுக்கு நகர்த்திவிடலாம். இளைப்பாறிய பிறகு கல்லிலிருந்து தலைக்கு நகர்த்திக்கொள்ளலாம். குனியவும் வேண்டாம், யாரையும் கூப்பிடவும் வேண்டாம்.

பல சுமைதாங்கிகள் நினைவுக்கல்லும்கூட. வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் குடும்பத்தார் சுமைதாங்கி நடுவது தமிழ்நாட்டில் பரவலாக இருந்த வழக்கம். இறக்கி வைக்க முடியாமல் போன சுமைக்கு ஈடாக, போகிற வருகிறவர்கள் சுமையையாவது இறக்கிவைக்கட்டும் என்ற எண்ணம். சில கல்லில் அவள் பெயரும் நட்டவர் பெயரும் ஆண்டும் இருக்கும். பல கல்லில் ஒன்றுமே இருக்காது.

இப்படிப்பட்ட சின்னப் பொருள்களை யார் காப்பது, எப்படிக் காப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சட்டமும் துறையும் இவற்றைத் தேடி வரப் போவதில்லை, ஊர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படிப் பார்த்துக்கொள்ளும்போது எவ்வளவு குறைவாகக் கை வைக்கிறோமோ அவ்வளவு நல்லது.

எவையெல்லாம் இதில் சேரும்?

கோயில், அரண்மனை, கோட்டை எல்லாம் பெரிய வீட்டுப் பிள்ளைகள். அவற்றுக்கு ஏதாவது ஒரு துறை உண்டு. இங்கே பேசுவது வழிப்போக்கருக்காக வழியோரத்தில் வைக்கப்பட்டு, இன்று வேலை குறைந்துபோய், ஆனாலும் ஊருக்கு அடையாளமாக நிற்கிற பொருள்களை. சுமைதாங்கிக்கு அடுத்தபடி ஆவுரிஞ்சு கல்லைச் சொல்லலாம். மாடு உடம்பைத் தேய்த்து அரிப்பைத் தீர்த்துக்கொள்ள நட்ட கல் அது. பழைய நூல்கள் எண்ணும் முப்பத்திரண்டு அறங்களில் இதுவும் ஒன்று. மாட்டுக்கு முதுகு சொறியக் கல் நடுவதை தண்ணீர்ப் பந்தலோடு சேர்த்து அறக்கணக்கில் எழுதிய மனசை நினைத்தால் எனக்கு இப்போதும் சந்தோஷமாக இருக்கும். கிணற்றடிக் கல்தொட்டி, நாலுகால் மண்டபம், பழைய மைல்கல், சத்திரத்துத் திண்ணை எல்லாம் இந்த வகைதான். மங்கம்மாள் சாலை என்று பழைய பாதைகளைச் சொல்கிற வழக்கம் தென்மாவட்டங்களில் இருக்கிறது. மதுரையை 1689 முதல் 1706 வரை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலையும் சத்திரமும் அமைத்ததன் நினைவு அது. பாவூர்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்ததும் ஒரு சத்திரம்தான்.

விசித்திரமானவையும் உண்டு. பாளையங்கோட்டையில் பழைய கோட்டையின் மேற்கு வாசல் மேல் போலீஸ் நிலையம் இயங்கியதால் அந்த இடத்துக்கே மேடை போலீஸ் ஸ்டேஷன் என்று பெயர் நிலைத்துவிட்டது. திருநெல்வேலி ஜங்ஷனில் ரயில் பாதைக்கு மேலே இரண்டு அடுக்காகப் போகும் ஈரடுக்குப் பாலம் 1973-இல் திறந்தது. மேல் அடுக்கில் பெரிய வண்டிகள், கீழ் அடுக்கில் நடப்பவர்களும் சின்ன வண்டிகளும். இதையெல்லாம் சின்னம் என்று சொல்லலாமா என்று கேட்டால், தாராளமாகச் சொல்லலாம் என்பேன். வெளியூர்ப் பிள்ளைகளுக்கு வழி சொல்லும்போது ஊரார் வாயில் முதலில் வருவது எதுவோ அது ஊரின் சின்னம்தான். திருநெல்வேலி டவுனில் வாகையடி முக்கு, லாலா சத்திர முக்கு, சந்திப் பிள்ளையார் முக்கு என்றுதான் வழி சொல்கிறோம். யாரும் கதவிலக்கம் சொல்வதில்லை.

சட்டம் எதுவரை வரும்?

மத்திய அரசின் தொல்சின்னச் சட்டம் 1958-இல் வந்தது. நூறாண்டு கடந்த, தேசிய முக்கியத்துவம் உள்ள சின்னங்களுக்கானது. மாநிலத்துக்கென்று 1966-இல் ஒரு சட்டம். மரபுச் சின்னங்களுக்கு ஓர் ஆணையம் அமைப்பதற்காக 2012-இல் இன்னொரு சட்டம். எல்லாம் நல்ல சட்டங்கள்தான். ஆனால் இவை எல்லாமே பட்டியலில் இருப்பதைத்தான் காக்கும். ஒரு சுமைதாங்கி அந்தப் பட்டியலில் ஏறுவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. ஈரடுக்குப் பாலத்துக்கு நூறு வயது ஆக 2073 வரை காத்திருக்க வேண்டும்.

இங்கே ஒரு பயத்தையும் தெளிவாக்க வேண்டும். ‘பழைய கல்லு இருக்குன்னு எழுதிக் கொடுத்தா பக்கத்துல வீடு கட்ட விடமாட்டாங்க’ என்று பலர் வாய் திறப்பதில்லை. மத்திய அரசு பாதுகாக்கும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டடம் கூடாது, அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும் என்ற விதி 2010 திருத்தத்தின்படி இருப்பது உண்மை. ஆனால் அது அப்படி அறிவிக்கப்பட்ட சின்னங்களுக்கு மட்டும். ஊராட்சித் தீர்மானத்தில் ஒரு கல்லின் பெயரை எழுதியதால் யாருடைய மனையும் பறிபோகாது.

சரி, பட்டியலில் இல்லாத கல் யாருடையது? பெரும்பாலும் அது நிற்பது புறம்போக்கில் அல்லது சாலை எல்லைக்குள். அதாவது தாளில் அது வருவாய்த் துறைக்கோ நெடுஞ்சாலைத் துறைக்கோ ஊராட்சிக்கோ சொந்தமான நிலம். கல்லைப் பற்றித் தாளில் ஒரு வரியும் இருக்காது. சாலையை அகலப்படுத்த ஒப்பந்தக்காரர் வரும்போது, அவர் கையில் இருக்கும் வரைபடத்தில் மரத்துக்கு எண் இருக்கும், மின்கம்பத்துக்கு எண் இருக்கும், இந்தக் கல் மட்டும் இருக்காது. ஜேசிபி ஓட்டுகிறவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு அது வெறும் கல்.

ஊர் காப்பது என்பது புதிய யோசனை இல்லை

கட்டபொம்மனை 1799 அக்டோபர் 16-இல் கயத்தாறில் தூக்கிலிட்டார்கள். அந்த இடத்தில் கல்வெட்டு வைக்கும் தைரியம் அன்றைக்கு யாருக்கு இருந்திருக்கும்? அவ்வழியே நடந்தவர்கள் ஆளுக்கொரு கல்லைப் போட்டுவிட்டுப் போனதில் அங்கே ஒரு கற்குவியல் எழுந்தது என்று சொல்வார்கள். காசு, அனுமதி, தலைவர் எதுவும் இல்லாமல், இடத்தை மறக்காமல் இருக்க ஒரு வழி. இன்று அங்கே நிற்கும் சிலை நடிகர் சிவாஜி கணேசன் முயற்சியில் 1970-இல் வந்தது. சிலை கம்பீரமாகத்தான் இருக்கிறது. எனக்குப் பெரிதாகப் படுவது அதற்கு முந்தைய கற்குவியல்தான்.

இன்னொரு உதாரணம் குறுக்குத்துறை. தாமிரபரணிக்குள்ளேயே இருக்கும் முருகன் கோயில். வெள்ளம் வந்தால் மூழ்கும், வடிந்தால் வெளியே வரும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியபோது வந்த வெள்ளத்தையும் அது பார்த்தது. கல் கட்டுமானம் உறுதியானது என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி, தண்ணீர் ஏறும் முன்பே உற்சவ மூர்த்தியைக் கரைமேல் உள்ள கோயிலுக்குக் கொண்டுபோய்விடும் பழக்கம். வெள்ளம் வடிந்ததும் வண்டலை வாரி வெளியே கொட்டும் பழக்கம். எதை எப்போது யார் செய்ய வேண்டும் என்று ஆட்களுக்குத் தெரிந்திருக்கிறது. சமூகமே சின்னங்களைக் காப்பது என்று பெரிய பெயரில் சொல்வது இதைத்தான். ஒரு பொருள், அதற்குச் சில வேலைகள், அந்த வேலைகளுக்குப் பெயர் சொல்லி ஆட்கள்.

சுலோசன முதலியார் பாலமும் அப்படியே. கலெக்டர் ஆபீஸில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்த அந்த முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டி, 1843-இல் திறந்த பாலம். பிற்பாடு அகலப்படுத்தினார்கள். இன்றும் நெல்லைக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே வண்டி ஓடுகிறது. வேலை பார்த்துக்கொண்டிருக்கும் சின்னத்துக்கு ஆபத்து குறைவு. வேலை போன சுமைதாங்கிக்குத்தான் ஆள் தேவை.

அன்பால் கெடுவது

கவனிப்பில்லாமல் கெட்டதைவிட அன்பால் கெட்டதுதான் அதிகம் என்று எனக்குத் தோன்றும். ஊரில் ஒரு இளைஞர் மன்றம் உற்சாகமாகக் கிளம்பும். கல்லுக்கு எனாமல் பெயின்ட் அடிக்கும். சுற்றிலும் சிமெண்டுத் திண்ணை போடும். இன்னும் வசதியிருந்தால் டைல்ஸ். திறப்பு விழாவுக்கு வந்த பிரமுகர் பெயரில் ஒரு கிரானைட் பலகை. இரண்டு மழைக்காலம் போனால் பெயின்ட் உரியும், அதன் மேல் இன்னொரு பூச்சு. எழுத்து இருந்த கல்லில் அந்த எழுத்தின் பள்ளங்கள் பெயின்டால் நிரம்பிப் போய், யாராலும் படிக்க முடியாமல் ஆகும்.

சிமெண்டு ஏன் ஆகாது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். பழைய மண்டபங்களும் சத்திரங்களும் சுண்ணாம்புக் காரையில் நின்றவை. சுண்ணாம்பில் நுண்ணிய துளைகள் உண்டு. சுவருக்குள் போன ஈரம் அந்த வழியே வெளியே வந்து காய்ந்துவிடும். சிமெண்டுப் பூச்சு கெட்டியானது. ஈரம் வெளியே வர வழியில்லாமல் பூச்சுக்குப் பின்னால் தேங்கும். கூடவே சிமெண்டில் உள்ள உப்புகள் கரைந்து பழைய செங்கல்லுக்குள் இறங்கும். காயும்போது அவை படிகமாகி, செங்கல்லின் மேல்தோலைப் பொருக்குப் பொருக்காக உதிர்க்கும். வெளியே பூச்சு பளபளவென்று இருக்க, உள்ளே சுவர் மாவாகிக்கொண்டிருக்கும். கல்லை இணைக்க இரும்புப் பட்டை போடுவதும் அதே கதை. இரும்பு துருப்பிடிக்கும்போது பருக்கும், பருத்துக் கல்லைப் பிளக்கும்.

காரை பெயர்ந்த மண்டபத்துக்கு மருந்து பழைய காரையேதான். நீற்றிய சுண்ணாம்பும் மணலும், கடுக்காய் ஊறல், கருப்பட்டிக் கரைசல். சுண்ணாம்பைச் சுட்டு அப்படியே பூச முடியாது. நீற்றி, ஊறப்போட்டு, சலித்து, அரைத்துப் பூச வேண்டும். பூசிய பிறகும் சில நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவசரக்காரர் வேலை இல்லை இது. இந்தப் பக்கத்தில் கோயில் திருப்பணி பார்க்கிற ஸ்தபதிகளிடம் விசாரித்தால் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பார். தெரியாதவரிடம் கொடுப்பதைவிடப் பெயர்ந்ததைப் பெயர்ந்தபடியே விட்டுவைப்பது மேல்.

வெறும் கருங்கல்லான சுமைதாங்கிக்கோ ஆவுரிஞ்சு கல்லுக்கோ எந்தப் பூச்சும் வேண்டாம். நல்ல தண்ணீரும் தேங்காய் நாரும் போதும். கம்பி பிரஷ், ஆசிட், சோப்புத்தூள் எதையும் கிட்டே கொண்டுபோகக் கூடாது. இடுக்கில் முளைத்த அரசங்கன்றைச் சின்னதாக இருக்கும்போதே பிடுங்கிவிடுங்கள். பெரிதாகிவிட்டால் இழுக்காமல் வெட்டிவிடுங்கள். வேரை இழுத்தால் கல்லும் கூடவே வரும்.

அன்பின் இன்னொரு வடிவம் கல்லைச் சாமியாக்குவது. மஞ்சள் பூசி, துணி கட்டி, விளக்கேற்றினால் யாரும் பெயர்க்கத் துணிய மாட்டார்கள் என்பது உண்மைதான். பல கல் அப்படித்தான் பிழைத்திருக்கிறது. அதை நான் கிண்டல் செய்ய மாட்டேன். ஆனால் அடுத்த கட்டமாகச் சாலையோரத்தில் கட்டடம் எழுப்பினால் வம்பு. பொது இடத்தில் அனுமதியில்லாமல் புதிதாக வழிபாட்டிடம் கட்ட விடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் உத்தரவிட்டிருக்கிறது. நூறு வருஷமாக யாருக்கும் இடைஞ்சலாக இல்லாத கல், சுற்றிலும் கட்டிய சுவரால் ஆக்கிரமிப்புப் பட்டியலில் ஏறிவிடும்.

முதல் வேலை தாளில்

அப்போ தொடங்குவது எங்கே? பதிவில்தான். போனில் கேமரா இருக்கிறது, இடத்தைக் குறிக்கும் வசதியும் இருக்கிறது. நாலு பக்கமும் படம், பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்து ஒரு படம், சாலையோடு சேர்த்துத் தூரத்திலிருந்து ஒரு படம். உயரம், அகலம், எந்தத் திசை பார்த்து நிற்கிறது என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். உயரத்தை அளக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் தரைமட்டம் ஏறிக்கொண்டே வருகிறது. இன்று இடுப்பளவு நிற்கும் சுமைதாங்கி, நட்ட காலத்தில் ஆளுயரம் இருந்திருக்கும்.

எழுத்து இருந்தால் சுரண்டாதீர்கள். ராத்திரி போய், டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் ஒட்டிப் பிடித்து அடியுங்கள். நேரே அடித்தால் ஒன்றும் தெரியாது. சாய்ந்த வெளிச்சத்தில் பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து வரும். காலை, மாலை வெயிலிலும் இது நடக்கும். ஆண்டு படிக்கும்போது நம் பக்கத்தில் கேரளத்துக் கணக்கான கொல்லம் ஆண்டு வரலாம், அதோடு 824-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு. கொல்லம் 1050 என்றால் 1874, ஆவணியில் தொடங்கி அடுத்த ஆண்டுக்குள்ளும் போகும். கல்லில் க, உ, எ, அ போலத் தனி எழுத்து தெரிந்தால் அது எழுத்தாக இல்லாமல் எண்ணாகவும் இருக்கலாம்: ௧ ஒன்று, ௨ இரண்டு, ௭ ஏழு, ௮ எட்டு. பத்துக்கு ௰ என்று தனிக் குறி. ஆகவே ௨௰௪ என்பது இருபத்து நான்கு. தருமபுரிப் பக்கம் கிடைத்த, அதியமான் பெருவழி என்ற பழைய பாதையின் தூரக் கல்லில், படிக்கத் தெரியாதவர்களுக்காகவோ என்னவோ, தூரத்தைக் குழிகளாகவும் வெட்டியிருக்கிறார்கள்.

பழைய மைல்கல்லுக்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. ஒரு மைல் ஏறக்குறைய 1.6 கிலோமீட்டர். மெட்ரிக் அளவைகளுக்கான சட்டம் 1956-இல் வந்து, பிறகு கிலோமீட்டர் கற்கள் நட்டபோது மைல்கற்களில் பெரும்பாலானவை போய்விட்டன. மிஞ்சிய இரண்டு கல்லுக்கு நடுவே பைக் மீட்டர் 1.6 அல்லது அதன் மடங்கைக் காட்டினால், இரண்டுமே நட்ட இடத்திலேயே நிற்கின்றன என்று நம்பலாம். காட்டாவிட்டால் ஏதோ ஒன்று நகர்ந்திருக்கிறது, அல்லது சாலை வளைவு மாறியிருக்கிறது.

அப்புறம் ஆட்களிடம் கேட்பது. ‘அண்ணாச்சி, இது யாரு நட்ட கல்லு?’ என்று கேட்டால் பாதிப் பேர் ‘எங்க தாத்தா காலத்துலயே கிடக்கு’ என்பார்கள். அதில் கதை நின்றுவிடும். வேறு மாதிரி கேளுங்கள். ‘சின்ன வயசுல இந்தப் பக்கம் என்ன சுமந்துட்டு வந்திய, ஆச்சி?’ என்று கேட்டால் சந்தை நாள், கூலி, கூட வந்தவர்கள், குடித்த கிணறு எல்லாம் வரிசையாக வரும். அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்னபடியே பதியுங்கள். நீங்கள் ஊகிப்பதைத் தனியாக எழுதுங்கள். இரண்டையும் கலந்துவிட்டால் பத்து வருஷம் கழித்து உங்களுக்கே எது எது என்று தெரியாது.

இந்தப் பதிவைக் கிராம சபையில் வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் தமிழ்நாட்டில் கிராம சபை உண்டு. ‘இன்ன புல எண்ணில், இன்ன இடத்தில் இருக்கும் சுமைதாங்கியை ஊராட்சி பாதுகாக்கும், சாலைப் பணியின்போது ஊராட்சிக்குத் தெரிவிக்காமல் அகற்றக் கூடாது’ என்று இரண்டு வரித் தீர்மானம் போதும். புல எண்ணைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். தீர்மானத்தின் நகலைத் தாசில்தாருக்கும் சாலைக்கு உரிய அலுவலகத்துக்கும் தொல்லியல் துறைக்கும் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். சாலை யாருடையது என்று தெரியாவிட்டால் கிலோமீட்டர் கல்லின் தலையைப் பாருங்கள்: மஞ்சள் தேசிய நெடுஞ்சாலை, பச்சை மாநில நெடுஞ்சாலை. தீர்மானம் ஒன்றும் பெரிய சட்டக் கவசம் இல்லை. ஆனால் தாளில் இல்லாத கல் தாளுக்கு வந்துவிட்டது. அடுத்த வரைபடத்தில் அதற்கும் ஒரு எண் விழ வாய்ப்பு இருக்கிறது.

தோண்டும்போது பழங்காசோ சிலையோ கிடைத்தால் அது வேறு விஷயம். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி அதைக் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். தாசில்தாரிடம் சொன்னால் போய்ச் சேர்ந்துவிடும். பழைய கல்தூணையும் தொட்டியையும் விலைக்குக் கேட்டு வருகிறவர்களிடமும் உஷார். வழியோரத்தில் நிற்பது யாருக்கும் விற்கச் சொந்தமில்லை.

நகர்த்தியே ஆக வேண்டும் என்றால்

நாலுவழிச் சாலை வரும்போது எல்லாக் கல்லையும் நின்ற இடத்திலேயே வைத்திருக்க முடியாது. திருநெல்வேலி – தென்காசி சாலை அகலமானபோது நிழல் கொடுத்த மரங்களே போய்விட்டன, கல் எம்மாத்திரம். நகர்த்துவது தோல்வி இல்லை. நகர்த்திய விதம் தெரியாமல் போவதுதான் தோல்வி. பெயர்க்கும் முன் ஒவ்வொரு கல்லுக்கும் சாக்பீஸால் எண் போடுங்கள். எவ்வளவு ஆழம் மண்ணுக்குள் இருந்தது என்று அளந்துகொள்ளுங்கள். அதே சாலையின் அதே பக்கத்தில், கூடிய மட்டும் பக்கத்திலேயே, அதே திசை பார்த்து, அதே இடைவெளியில் நடுங்கள். அடியில் சரளைக்கல் இட்டு இறுக்கினால் போதும். எழுத்து மறையும் உயரத்துக்குக் கான்கிரீட் ஊற்றுவதைப் பார்த்தால் தைரியமாகத் தடுங்கள். பழைய இடத்தின் குறிப்பையும் பதிவேட்டில் வையுங்கள். கல்லைப் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலுக்கோ பூங்காவுக்கோ கொண்டுபோவது எனக்குப் பிடிக்காது. பத்திரமாக இருக்கும்தான், ஆனால் வழி இல்லாத இடத்தில் சுமைதாங்கிக்கு என்ன வேலை? பள்ளிக்கூடம் விடாமல் கேட்டால்கூட, படமும் அளவும் கொடுத்து, பிள்ளைகளைக் கல் நிற்கும் இடத்துக்கு வரச் சொல்லுங்கள்.

யார் கல்?

நம் பக்கத்தில் இந்தக் கேள்வியைத் தொடாமல் போனால் பாதிதான் சொன்னதாகும். பழைய சத்திரத்திலும் கிணற்றடியிலும் எல்லாரும் ஒன்றுபோல நுழைந்துவிட முடிந்ததில்லை. தண்ணீர்ப் பந்தலில்கூடச் சிலருக்கு எட்டி நின்று ஊற்றியதுதான் வழக்கம். வழியோர அறத்தைப் பாராட்டும்போது இதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். கதை கேட்கப் போகிறவர்கள் ஊரின் எல்லாத் தெருவுக்கும் போக வேண்டும். சுமந்தவர்களின் கதை பெரும்பாலும் நட்டவர்களின் தெருவில் கிடைக்காது.

இன்னொன்று நிறம். மின்கம்பத்துக்கும் மரத்துக்கும் சாதிச் சங்க நிறம் அடிப்பதும், பிறகு அதிகாரிகள் வந்து அழிக்கச் சொல்வதும் இங்கே புதிதில்லை. ஒரு கல்லுக்கு அந்த நிறம் ஏறிவிட்டால் அது ஊர்க்கல்லாக இருக்காது, ஒரு தெருக்காரர்களின் எல்லைக்கல்லாகிவிடும். நிறமே அடிக்காமல் வெறும் கல்லாக விடுவதற்கு இது இன்னொரு நல்ல காரணம். நட்ட குடும்பத்தின் வழிவந்தவர்கள் ஊரில் இருந்தால் அவர்களை முதலில் கேளுங்கள். ஆண்டுக்கொரு முறை அவர்கள் வந்து மாலை போட விரும்பினால் போடட்டும். நினைவு அவர்களுடையது, கல்லின் பயன் எல்லாருக்கும் உரியது. இந்த இரண்டும் ஒன்றோடொன்று மோத வேண்டியதில்லை.

பலகை வைப்பதாக இருந்தால் கல்லில் ஆணி அடிக்காமல், நாலைந்து அடி தள்ளித் தனிக் கம்பில் வையுங்கள். பொருளின் பெயர், எதற்குப் பயன்பட்டது, கல்லில் எழுதியிருப்பது என்ன, ஊரார் சொல்வது என்ன என்று நாலு வரி போதும். ‘ஆயிரம் ஆண்டுப் பழமை’ என்று ஆதாரமில்லாமல் எழுத வேண்டாம். நூற்றைம்பது வருஷத்துச் சுமைதாங்கிக்கு நூற்றைம்பது வருஷமே போதுமான பெருமை. உபயம் செய்தவர் பெயர் வேண்டுமென்றால் அடியில் சின்ன எழுத்தில்.

வேலையைத் தொடங்க நல்ல காலம் தை பிறந்த பிறகு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், புல் காயத் தொடங்கும், கல் வெளியே தெரியும், சுண்ணாம்பு வேலைக்கும் பதமான வெயில். முதல் ஆண்டில் பதிவும் தீர்மானமும் மட்டும் முடிந்தால் போதும். அடுத்த ஐப்பசிக்குள் கல்லைச் சுற்றித் தண்ணீர் தேங்காமல் ஒரு சிறு வடிகால் வெட்டிவிடுங்கள். பதிவேட்டின் ஒரு பிரதி ஊராட்சியில், ஒன்று உள்ளூர் நூலகத்தில், ஒன்று வெளியூரில் வேலை பார்க்கும் யாராவது ஒருவரிடம் இருக்கட்டும். வெள்ளம் வருகிற ஊர் இது.